ஊருக்குள்ள உங்க கடை... ஸ்டேஷனுக்குள்ள கம்பெனி கடை! பிரான்சைஸ் எடுத்தவர் கதி என்ன?

வி.ஆர்.எஸ். பணம் போச்சு. வீட்டம்மா நகை அடகுக்கடைக்குப் போச்சு. மச்சான்கிட்ட கைமாத்து வேற. எல்லாத்தையும் திரட்டி, பேர் பெற்ற ஒரு கம்பெனியின் போர்டை மாட்டி, வாழைமரம் கட்டி, சாமி கும்பிட்டு கடையைத் திறந்தாச்சு. ஆறு மாசம் வியாபாரம் ஓஹோ!

ஏழாவது மாசம் இடி விழுகிறது. எதிரே இருக்கும் ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் அதே போர்டு, அதே கலர், அதே ருசியில் இன்னொரு கடை. வைக்க விட்டது யார்? வேறு யாருமில்லை, அதே கம்பெனிதான்!

"5 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வேற கடை கொடுக்க மாட்டோம்னு சொன்னீங்களே சார்?" என்று போன் போட்டுக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "அது ரோட்டு மேல வைக்கிற கடைக்கு. ஆஸ்பத்திரி, ரெயில்வே ஸ்டேஷன், காலேஜ் எல்லாம் தனி கணக்கு. அக்ரிமெண்ட்ல போட்டிருக்கே, படிக்கலையா?"

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இதே சண்டை அமெரிக்காவில் நிஜமாகவே நடந்து, கோர்ட்டு வரைக்கும் போய், கடைக்காரர் தோற்ற கதையும் உண்டு. நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு பிராண்டு டீக்கடை, பிரியாணி கடை, ஐஸ்கிரீம் கடை முளைத்து வரும் நேரத்தில், அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிறது நல்லது.

எதை விற்கிறார்கள்? எதை வாங்குகிறோம்?

பிரான்சைஸ் என்பது என்ன? ஒரு கம்பெனியின் பெயர், சமையல் முறை, கடை அலங்காரம், சரக்கு எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொள்ள நமக்குக் கிடைக்கும் அனுமதி. முதல் போடுவது நாம். வாடகை, சம்பளம், கரண்டு பில் எல்லாம் நம் தலையில். கம்பெனிக்கு முன்பணம் ஒன்று, அதற்கு மேல் மாசா மாசம் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ராயல்டி. சில கம்பெனிகள் ராயல்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாங்கள் தரும் மாவிலும் மசாலாவிலும் லாபம் பார்த்துக்கொள்ளும்.

பணம் போடுகிறவர் மனசில் ஓடுவது ஒன்றுதான். "இந்த ஏரியாவுக்கு இந்த பிராண்டு நம்மது". ஆனால் பல அக்ரிமெண்டுகளில் ஏரியா என்ற பேச்சே இருக்காது. இந்த முகவரியில், இந்தக் கதவு எண்ணில் கடை நடத்திக்கொள்ளலாம் என்பதோடு சரி. நாம் ஊரை வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்போம். வாங்கியது நாலு சுவருக்குள் நடத்தும் உரிமையை மட்டும்தான்.

ஏரியா எழுதிக் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அங்கேதான் விலக்கு என்று ஒரு ஷரத்து ஒளிந்திருக்கும். ரெயில்வே ஸ்டேஷன், விமான நிலையம், ஆஸ்பத்திரி, காலேஜ், ஐ.டி. கம்பெனி கேன்டீன், பெட்ரோல் பங்க், தியேட்டர், மால், ஹைவே ஓட்டல், ராணுவ முகாம், ஸ்டேடியம். இவையெல்லாம் உங்க எல்லைக்குள் இருந்தாலும் உங்க எல்லையில் சேராது. வட்டம் உங்களுடையது, ஆனால் வட்டத்துக்குள் கூட்டம் கூடுகிற இடம் எல்லாம் கம்பெனியுடையது!

தோசை நம்மது, நடுவில் வைத்த மசாலா மட்டும் பக்கத்து இலைக்கு என்ற கணக்கு இது.

ஏவுகணை ஊரில் பர்கர் சண்டை

அமெரிக்காவின் வடக்கே, கனடாவை ஒட்டி இருக்கும் மாகாணம் மொன்டானா. அங்கே கிரேட் பால்ஸ் என்று ஒரு ஊர். ஜனத்தொகை சுமார் 60 ஆயிரம்தான். ஊரின் கிழக்கு ஓரத்தில் மால்ம்ஸ்ட்ராம் விமானப்படை தளம் இருக்கிறது. கண்டம் விட்டு கண்டம் பாயும் மினிட்மேன் ஏவுகணைகளைப் பராமரிக்கும் முக்கியமான தளம் இது. இந்த சின்ன ஊரின் பிழைப்பில் பெரும் பங்கு அந்தத் தளத்தை நம்பித்தான் ஓடுகிறது.

ஊருக்குள் ஒருவர் பர்கர் கிங் கம்பெனியின் பிரான்சைஸ் எடுத்து 2 கடைகள் நடத்தி வந்தார். அமெரிக்க ராணுவ முகாம்களுக்குள் கடை திறக்க பர்கர் கிங் 1984-ம் ஆண்டே ஒப்பந்தம் போட்டிருந்தது. பிறகு மால்ம்ஸ்ட்ராம் தளத்துக்குள்ளும் ஒரு பர்கர் கிங் வந்து சேர்ந்தது.

ஊர்க்காரருக்கு ஆத்திரம். முகாமில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் குடும்பமும் ஊருக்குள் வந்து சாப்பிட்டால்தானே தனக்கு வியாபாரம்? அவர்கள் வாசலிலேயே அதே பர்கர் கிடைத்தால் ஊருக்குள் எதற்கு வருவார்கள்? என் வியாபாரத்தில் என் கம்பெனியே மண்ணைப் போடுகிறது என்று கொதித்தவர், ஒரு காரியம் செய்தார். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய வாடகை, ராயல்டி, விளம்பரப் பணம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

கம்பெனி சும்மா இருக்குமா? பாக்கியைக் கேட்டு கோர்ட்டுக்குப் போனது. அவரும் பதிலுக்கு எதிர்வழக்கு போட்டார். அவருடைய வாதம் இதுதான். "எனக்குத் தனி எல்லை எழுதிக் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் போட்ட இரண்டு பேரும் நல்லெண்ணத்தோடு நடந்துக்கணும் என்று சட்டம் சொல்கிறதே. என் பிழைப்பைக் கெடுப்பதுதான் நல்லெண்ணமா?"

வருஷக்கணக்கில் வழக்கு இழுத்தது. 1999-ம் ஆண்டு அட்லாண்டாவில் உள்ள மத்திய அப்பீல் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. அக்ரிமெண்டில் எழுதியிருக்கும் எந்த ஷரத்தை கம்பெனி மீறியது என்று காட்ட வேண்டும். அப்படி ஒரு ஷரத்தும் மீறப்படவில்லை என்றால், நல்லெண்ணம் என்ற பொதுக் கடமையை மட்டும் தனியாக வைத்து நஷ்டஈடு கேட்க முடியாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

தோற்றது ஊர்க்காரர். ராயல்டியை நிறுத்தியதும் அவருக்கே வினையாக முடிந்தது. கம்பெனி ஒப்பந்தத்தை மீறியதாக நிரூபிக்க முடியவில்லை. பணம் கட்டாதவர் இவர் என்பது மட்டும் பளிச்சென்று நின்றது.

எட்டு வருஷத்துக்கு முன் வேற பேச்சு!

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே பர்கர் கிங் கம்பெனி மீது, கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வழக்கில், 1991-ம் ஆண்டு வேறு விதமான தீர்ப்பு வந்திருந்தது.

அது மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நடந்த கதை. அங்கே டோல் கட்டிப் போகிற பெரிய நெடுஞ்சாலை ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் ஹோவர்ட் ஜான்சன் என்ற பழைய ஓட்டல் கடைகள் இருந்தன. அவற்றில் ஒன்று பர்கர் கிங் கடையாக மாறியது. அங்கிருந்து சுமார் 2 மைல் தூரத்தில், ஊருக்குள் ஏற்கனவே பர்கர் கிங் பிரான்சைஸ் எடுத்து நடத்தி வந்தவர் கோர்ட்டுக்குப் போனார்.

அவருடைய அக்ரிமெண்டிலும் தனி எல்லை கிடையாது. ஆனால் புளோரிடாவில் உள்ள மத்திய கோர்ட்டு சொன்னது வேறு. "தனி எல்லை இல்லை என்பதற்காக, கடைக்காரர் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் இன்னொரு கடையைத் திறக்கும் உரிமை கம்பெனிக்கு வந்துவிடாது" என்ற கருத்தில் அந்தத் தீர்ப்பு அமைந்தது. வழக்கை மேற்கொண்டு நடத்த அவருக்கு வழி திறந்தது.

ஒரே கம்பெனி, ஒரே மாதிரி புகார். ஒரு ஜட்ஜ் கடைக்காரர் பக்கம் கதவைத் திறந்தார். எட்டு வருஷம் கழித்து மேல்கோர்ட்டு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பேப்பரில் தெளிவாக எழுதாத உரிமைக்கு இதுதான் கதி. வக்கீல் திறமை, ஜட்ஜ் பார்வை, அந்த மாகாணத்து சட்டம் என்று காற்றடிக்கும் பக்கம் சாயும்.

மொன்டானாக்காரருக்கு புளோரிடா சட்டம் ஏன்?

கடை இருப்பது மொன்டானாவில். வழக்கு நடந்ததோ நாட்டின் மறுகோடியில் இருக்கும் புளோரிடாவில், புளோரிடா சட்டப்படி. ஏன்? பர்கர் கிங் கம்பெனியின் தலைமை அலுவலகம் புளோரிடாவின் மயாமியில். எந்தச் சட்டப்படி தகராறு தீர்க்கப்படும் என்பதும் அக்ரிமெண்டிலேயே எழுதியாகிவிடும்.

இது நியாயமா என்ற கேள்வி 1985-ம் ஆண்டே அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. மிச்சிகன் மாகாணத்து பர்கர் கிங் கடைக்காரர் ஒருவர், என்னை எதற்கு புளோரிடா கோர்ட்டுக்கு இழுக்கிறீர்கள் என்று கேட்டார். தெரிந்தேதானே புளோரிடா கம்பெனியோடு நீண்ட கால ஒப்பந்தம் போட்டாய், அங்கே வழக்கு போட்டால் தப்பில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

நம்ம ஊருக்கும் இது பொருந்தும். தென்காசியில் கடை, தகராறு வந்தால் டெல்லியிலோ மும்பையிலோதான் பஞ்சாயத்து என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், ரெயில் டிக்கெட், வக்கீல் பீஸ், லாட்ஜ் வாடகை என்று கணக்குப் போட்டே பாதி பேர் வழக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள்.

கம்பெனிக்கு என்ன லாபம்? கணக்கு இதோ

தன் கடைக்குப் பக்கத்திலேயே தன் கடையைத் திறந்தால் கம்பெனிக்கும் நஷ்டம்தானே என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். ராயல்டி என்பது லாபத்தில் பங்கு இல்லை, விற்பனையில் பங்கு. கீழே இருப்பது விளங்கிக்கொள்ள ஒரு உதாரணக் கணக்கு.

ஒரு கடையில் மாசம் ரூ.5 லட்சம் விற்பனை என்று வையுங்கள். பாதிப் பணம், அதாவது ரூ.2½ லட்சம் சரக்குக்குப் போகும். வாடகை ரூ.60 ஆயிரம். மாஸ்டர், சப்ளையர், கேஷியர் சம்பளம் ரூ.90 ஆயிரம். கரண்டு, கேஸ், சில்லறைச் செலவு ரூ.30 ஆயிரம். ராயல்டி 5 சதவீதம், அதாவது ரூ.25 ஆயிரம். எல்லாம் போக முதலாளி கையில் நிற்பது ரூ.45 ஆயிரம்.

இப்போது ஆஸ்பத்திரிக்குள் இன்னொரு கடை வருகிறது. நம்ம கடை விற்பனை ரூ.3½ லட்சமாக இறங்குகிறது. சரக்குச் செலவு ரூ.1 லட்சத்து 75 ஆயிரமாகவும், ராயல்டி ரூ.17 ஆயிரத்து 500 ஆகவும் குறையும். ஆனால் வாடகை குறையுமா? சம்பளம் குறையுமா? அது அப்படியே ரூ.1 லட்சத்து 80 ஆயிரம் நிற்கும். கூட்டிப் பார்த்தால் செலவு ரூ.3 லட்சத்து 72 ஆயிரத்து 500. மாசம் ரூ.22 ஆயிரத்து 500 கைநஷ்டம்! பேங்க் கடன் தவணை இதில் சேரவே இல்லை.

கம்பெனி பக்கம் போய்ப் பாருங்கள். புதுக் கடையில் ரூ.3 லட்சம் விற்பனை. இரண்டு கடையும் சேர்ந்து ரூ.6½ லட்சம். அதில் 5 சதவீதம் ரூ.32 ஆயிரத்து 500. முன்னால் வந்தது ரூ.25 ஆயிரம். ஆக, விற்பனை 30 சதவீதம் விழுந்ததில் கடைக்காரர் லாபத்திலிருந்து நஷ்டத்துக்குப் போய்விட்டார். கம்பெனிக்கு மாசம் ரூ.7 ஆயிரத்து 500 கூடுதல் வருமானம்!

இங்கே கம்பெனி திருடவில்லை, பொய்க்கணக்கு எழுதவில்லை. இரண்டு பேரின் லாபமும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே போர்டின் கீழ் நிற்பதால் இரண்டு பேரும் ஒரே படகில் போவதாக கடைக்காரர் நினைப்பதுதான் தப்பு.

அடி வாங்குவது முதலாளி மட்டுமில்லை. நஷ்டம் வந்ததும் முதலில் கை வைப்பது ஆள் குறைப்பில்தான். மூணு சப்ளையர் இருந்த இடத்தில் ஒருத்தர். கிளீனர் வேலையையும் அவரே பார்க்கணும். கையெழுத்து போட்டது முதலாளி, வேலை போவது கூலிக்காரனுக்கு.

கம்பெனி தரப்பு என்ன சொல்லுது?

கம்பெனிகளிடமும் நியாயம் இருக்கிறது. அதையும் பார்க்கணும்.

விமான நிலையத்தில் செக்கிங் முடிந்து உள்ளே போய்விட்ட பயணி, ஒரு காபிக்காக வெளியே வந்து உங்க கடைக்கு வரப்போவதில்லை. அவர் வாடிக்கையாளராக உங்களுக்கு எப்போதும் இருந்ததே கிடையாது. அங்கே நாங்கள் கடை வைக்காவிட்டால் போட்டி பிராண்டு வைத்துவிடும். இது முதல் வாதம்.

இரண்டாவது, இந்த மாதிரி இடங்களில் யார் கடை வைக்கலாம் என்று முடிவு செய்வது கம்பெனியே இல்லை. இடத்துக்குச் சொந்தக்காரர்தான். விமான நிலையத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய கான்டிராக்டர் மொத்தமாக டெண்டர் எடுப்பார். ஆஸ்பத்திரி நிர்வாகம் தனக்குப் பிடித்த ஆளுக்குத்தான் கேன்டீனைக் கொடுக்கும். அந்த இடம் கிடைக்க வேண்டும் என்றால், ஊர்ப் பிரான்சைசியின் எல்லை குறுக்கே நிற்கக்கூடாது என்று கம்பெனி நினைக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம்தான். ஆனால் எல்லா இடமும் விமான நிலையம் ஆகிவிடுமா? விமான நிலையத்தின் உள்பகுதிக்கு டிக்கெட் இல்லாமல் போக முடியாது. ஆஸ்பத்திரிக்கும் பெட்ரோல் பங்குக்கும் அப்படியா? யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், உள்ளே இருப்பவர் யார் வேண்டுமானாலும் வெளியே வரலாம். நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர் இத்தனை நாள் ரோட்டைக் கடந்து வந்து டீ குடித்தவர்தான். மொன்டானா சண்டையும் இதே விஷயம்தான். முகாமுக்குள் வெளியாள் போக முடியாது, ஆனால் முகாமில் இருப்பவர் வெளியே வர முடியும்.

ஆக, அந்த இடத்துக்கு காம்பவுண்டு சுவர் இருக்கா என்று பார்த்தால் போதாது. உள்ளே இருக்கிற கூட்டம் இதுவரை எங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்று பார்க்கணும்.

பெரிய மீனுக்கு நாடு, சின்ன மீனுக்கு நாலு சுவர்

பிரான்சைஸ் என்றாலே எல்லை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரிய முதலாளிகள் நாட்டையே எல்லையாக எழுதி வாங்குகிறார்கள்.

டோமினோஸ் பீட்சாவை இந்தியாவில் நடத்தும் உரிமை ஜூபிலண்ட் புட்வொர்க்ஸ் என்ற ஒரே கம்பெனியிடம் இருக்கிறது. இலங்கை, வங்கதேசம், நேபாளமும் அவர்களிடம்தான். மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது நாட்டையே இரண்டாகப் பிரித்தது. வடக்கும் கிழக்கும் ஒரு கூட்டாளிக்கு, மேற்கும் தெற்கும் இன்னொரு கூட்டாளிக்கு. வடக்கு கூட்டாளியோடு 2013-ல் தகராறு வெடித்து, கோர்ட்டு, லண்டன் மத்தியஸ்தம் என்று ஓடி 2019-ல்தான் சமரசம் ஆனது.

கோடிக்கணக்கில் போடுபவரிடம் வக்கீல் படை இருக்கும். ஒவ்வொரு வரியாகப் பேரம் பேசுவார். ரூ.10 லட்சம் போடும் நம்ம ஊர் ஆளுக்கு, அச்சடித்த அக்ரிமெண்டைக் கொடுத்து பேனாவை நீட்டுவார்கள். "எல்லாரும் இதுலதான் சார் சைன் பண்றாங்க" என்பார்கள். ரூ.10 லட்சம் கம்பெனிக்குச் சின்னப் பணம். போட்டவருக்கு அதுதான் முழு வாழ்க்கை!

சட்டம் என்ன செய்யுது?

அமெரிக்காவில் இந்தச் சண்டைகளைப் பார்த்து சில மாகாணங்கள் விழித்துக்கொண்டன. அயோவா மாகாணம் 1992-ல் கொண்டுவந்த பிரான்சைஸ் சட்டத்தில், பக்கத்தில் புதுக் கடை திறந்து பழைய கடைக்காரரைப் பாதிப்பதற்குக் கடிவாளம் போட்டது. கம்பெனிகள் அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனது தனிக்கதை.

மத்திய அரசின் வர்த்தக ஆணையம் வேறு வழி எடுத்தது. தனி எல்லை கட்டாயம் கொடு என்று சொல்லவில்லை. கொடுக்காவிட்டால் அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல் என்றது. 2007-ல் திருத்தப்பட்ட விதிப்படி, கையெழுத்துக்கும் பணம் வாங்குவதற்கும் குறைந்தது 14 நாள் முன்னால் முழு விவரப் புத்தகத்தை கொடுத்துவிட வேண்டும். அதில் 12-வது தலைப்பே எல்லை பற்றியதுதான். தனி எல்லை இல்லை என்றால், மற்ற பிரான்சைசிகளிடமிருந்தும், கம்பெனியின் சொந்தக் கடைகளிடமிருந்தும், வேறு விற்பனை வழிகளிடமிருந்தும் உங்களுக்குப் போட்டி வரலாம் என்று அதில் எச்சரித்தே ஆக வேண்டும்.

இந்தியாவில்? பிரான்சைசுக்கு என்று தனிச்சட்டமே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் 1872-ல் வந்த ஒப்பந்தச் சட்டம்தான் பிரதானம். 14 நாள் முன்னால் விவரம் கொடு என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் விதியும் இல்லை. காலையில் விளம்பரம் பார்த்து, மத்தியானம் பேசி, சாயந்திரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

அந்த ஒப்பந்தச் சட்டத்தில் 27-வது பிரிவு, தொழில் செய்ய விடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் 1995-ல் கோகோ கோலா கம்பெனிக்கும் குஜராத் பாட்டில் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், பிரான்சைஸ் நடக்கும் காலத்தில் போட்டிச் சரக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதாவது, கடைக்காரர் போட்டி சரக்கைத் தொடக்கூடாது என்று எழுதினால் அது அவரைக் கட்டும். கம்பெனி பக்கத்தில் கடை வைக்கக்கூடாது என்பதையும் அதே மாதிரி எழுதினால்தான் அது கம்பெனியைக் கட்டும். எழுதுவது யார் என்பதுதான் கேள்வி.

ரெயில்வே ஸ்டேஷனும் வந்தாச்சு

இப்போது இதைப் பேச ஒரு அவசரம் இருக்கிறது. 2025 நவம்பரில் ரெயில்வே வாரியம் தன்னுடைய உணவுக் கொள்கையில் திருத்தம் செய்து, பிரபல பிராண்டு உணவுக் கடைகளை ஸ்டேஷன்களில் திறக்க வழி செய்தது. மின்னணு ஏலம் மூலம் 5 வருஷத்துக்கு இடம் கொடுக்கும் திட்டம் இது. பயணிகளுக்கு நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்டேஷன் வாசலில் அதே பிராண்டின் பிரான்சைஸ் வைத்திருப்பவர், தன் அக்ரிமெண்டை இன்றைக்கே எடுத்துப் படிப்பது நல்லது.

இதுதவிர, சுவரே இல்லாத போட்டி ஒன்று வந்திருக்கிறது. ஸ்விக்கி, சோமாட்டோ ஆப்பில் ஆர்டர் பண்ணுபவருக்கு உங்க எல்லை எங்கே தொடங்குது என்று தெரியாது. ரெண்டு தெரு தள்ளி ஒரு சமையலறையை மட்டும் வாடகைக்குப் பிடித்து, உட்கார இடமே இல்லாமல், அதே பிராண்டு பார்சலை உங்க ஏரியா வீடுகளுக்கு அனுப்பலாம். அது "கடை"யா இல்லையா? அக்ரிமெண்டில் கடை என்று மட்டும் எழுதியிருந்தால் சண்டைதான். சூப்பர் மார்க்கெட்டில் அதே பெயரில் பாக்கெட் மாவு, பாக்கெட் மசாலா விற்பதும் இதே கதைதான்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

* எல்லை எழுதியிருக்கா? எத்தனை கிலோமீட்டர்? நேர்கோட்டிலா, ரோடு வழியாகவா? முடிந்தால் மேப் வரைந்து இரு தரப்பும் கையெழுத்து போடுங்கள்.

* விலக்குப் பட்டியலில் என்னென்ன இடம் இருக்கு? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உங்க ஏரியாவை ஒரு சுற்று நடந்து பாருங்கள். உங்க வியாபாரமே எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியை நம்பி என்றால், ஆஸ்பத்திரி விலக்கில் இருக்கக்கூடாது.

* அந்த இடத்தில் கடை திறப்பதாக இருந்தால் முதல் வாய்ப்பு உங்களுக்குத் தரவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகு வேறு ஆளுக்குக் கொடுக்கட்டும்.

* அப்படியும் திறந்து உங்க விற்பனை விழுந்தால் ராயல்டி குறையுமா? டெபாசிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியேற முடியுமா?

* ஆப் ஆர்டர், பார்சல் கிச்சன், பாக்கெட் விற்பனை, அதே கம்பெனி வேறு பெயரில் நடத்தும் கடை இவை எல்லைக்குள் அடக்கமா?

* தகராறு வந்தால் எந்த ஊர் கோர்ட்டு, எந்த ஊரில் மத்தியஸ்தம்?

* வாயால் சொன்ன வாக்குறுதி எல்லாம் பேப்பரில் வந்ததா? இந்த அக்ரிமெண்டில் இருப்பது மட்டுமே செல்லும் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு வரி, மேனேஜர் கொடுத்த அத்தனை வாக்கையும் அழித்துவிடும்.

ஏற்கனவே கடை நடத்துபவர்கள் கோபத்தில் ராயல்டியை நிறுத்த வேண்டாம். அதுதான் மொன்டானாக்காரர் செய்த தப்பு. ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்புங்கள். புதுக் கடை வருவதற்கு முன்னும் பின்னும் உள்ள விற்பனைக் கணக்கைப் பத்திரமாக வையுங்கள். அதே கம்பெனியின் மற்ற கடைக்காரர்களோடு பேசுங்கள். தனி ஆளாகப் போனால் "அக்ரிமெண்ட் பாருங்க" என்பார்கள். இருபது பேராகப் போனால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

வீடு வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. கடைக்கும் வில்லங்கம் உண்டு. அது சார்பதிவாளர் ஆபீசில் கிடைக்காது, அக்ரிமெண்டின் நடுப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தெரிந்த வக்கீல் ஒருவருக்கு ஆயிரம், ரெண்டாயிரம் கொடுத்து அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அடகுக்கடையில் இருக்கும் நகை திரும்பி வருமா வராதா என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.